லிஃப்டுக்குச் சில்லறை இல்லை

முதல் வாரமே ஒரு தாள் கொடுத்தார்கள்.
முப்பது கேள்வி, கட்டத்தில் டிக்.
தெரியாத இடத்துக்குப் போக
வரைபடம் பார்ப்பாயா, யாராவது சொல்லக் கேட்பாயா,
நடந்து பார்ப்பாயா?
திபிலிசியில் வழி கேட்டால்
மூன்று பேர் மூன்று திசை காட்டுவார்கள்,
நான்காமவர் கூடவே வந்துவிடுவார்.
அதற்குக் கட்டம் இல்லை.

கூட்டிப் பார்த்துச் சொன்னார்கள்:
நெஸ்தான், நீ கண்ணால் கற்பவள்.
ராசிபலனைப் படித்தவுடன்
அந்த ராசிக்காரியாகவே மாறிவிடுவதுபோல்
அன்றைக்கே போய் வண்ணப் பேனா வாங்கினேன்.
மண்டை நரம்பு பன்னிரண்டு. பேனா ஏழு.
சுவரெங்கும் மஞ்சளும் பச்சையுமாகத் தலைகள்.
தேர்வில் நினைவுக்கு வந்தது
ஊதாப் பேனாவின் மூடி உடைந்தது மட்டும்.

சொத்னே காதால் கற்பவனாம்.
பேராசிரியர் குரலைப் பதிவு செய்து
இரவெல்லாம் காதில் மாட்டிக்கொண்டான்.
நன்றாகத் தூங்கினான்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் சும்மா ஏறாது.
பெட்டியில் இருபது தெத்ரி விழுந்தால்தான்
கதவை மூடும், முனகும், எழும்பும்.
பிப்ரவரியில் ஓர் இரவு
பையைக் கவிழ்த்து உதறியும் சில்லறை இல்லை.
வீடு பன்னிரண்டாம் மாடியில்.
மறுதேர்வு விடிந்தால்.

முதல் மாடியில் பூனை மூத்திரம்,
யாரோ வதக்கும் பூண்டு.
மூக்கைச் சுளித்தேன். முகர்வு நரம்பு, ஒன்று.
இரண்டில் பல்பு எரியவில்லை.
பார்வை நரம்பு என்று சொல்லியபடி
சுவரைத் தடவித் தடவி ஏறினேன்.
மூன்றில் பளீரென்று வெளிச்சம்,
கண்ணின் பாவை சுருங்கிக்கொண்டது.
நான்கில் கைப்பிடிக்கு மேல் எட்டிக் கீழே பார்த்தேன்:
கண்ணைக் கீழ்நோக்கித் திருப்பும் சின்ன நரம்பு,
அது பழுதானால் படியிறங்கத் தடுமாறுவோம்.
ஏழு முறை படித்தும் ஏறாதது
அந்தப் படியில் நின்றபோது ஏறியது.
ஐந்தில், உடைந்த ஜன்னல் வழியே காற்று கன்னத்தில் அறைந்தது.
ஆறில், பாதி திறந்த கதவை ஓரக்கண்ணால் பார்த்தேன்.
ஏழில் லாமாரா, குப்பை வாளியோடு.
சிரித்தேன். அவள் முகத்தில் ஒரு தசை அசையவில்லை.
எட்டில் யாரோ பியானோவில்
ஒரே தப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்.
ஒன்பதில் எச்சில் விழுங்கினேன்.
பத்தில் முடியவில்லை. நின்றேன்.
மார்பைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன்:
கழுத்தில் இறங்கி, இதயம் தொட்டு,
வயிறு வரை ஊர்சுற்றும் நாடோடி நரம்பு.
பதினொன்றில் பைப்பட்டை தோளை அறுத்தது.
பன்னிரண்டில், பூட்டிய எங்கள் கதவுக்கு
நாக்கை நீட்டிக் காட்டினேன்.

மறுநாள் வாய்மொழித் தேர்வு.
பத்தாவது எது என்றார்.
என் கை மார்புக்குப் போனது, மூச்சு இரைத்தது.
உடம்புக்கு என்ன என்று எழுந்துவிட்டார்.
ஒன்றுமில்லை சார், பத்தாம் மாடி என்றேன்.

சொத்னேயையும் ஏறச் சொன்னேன்.
அவனுக்குக் கிடைத்தது முழங்கால் வலி.

சரி, நான் காலால் கற்பவள் என்று
எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.
மருந்தியல் வந்தது. அதே படிகளில் ஏறி இறங்கினேன்.
எட்டாம் மாடியில் பியானோ இருந்தது,
மருந்து ஒன்றுகூட இல்லை.
ஒரு நாள் ரொட்டி வரிசையில்
ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லி
இது தூக்கத்துக்கு என்று சொத்னேயிடம் அளந்துகொண்டிருந்தேன்.
அடுப்புக்குள் தலைவிட்டிருந்த ரொட்டிக்காரன்
மாவுக் கையோடு நிமிர்ந்தான்:
அது வயிற்றுக்கு, நான் தினம் போடுகிறேன்.
சுற்றிலும் சிரிப்பு. காது சிவந்தது.
அந்த மாத்திரை இனி மறக்காது.
அன்றிலிருந்து தெரியாததை
நாலு பேர் முன்னால் சத்தமாகத் தப்பாய்ச் சொல்கிறேன்.
மருந்துக்கு அதுதான் மருந்து.

நோயியல் மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை.
நடந்தேன், உளறினேன், பழைய பேனாக்களைக்கூட எடுத்தேன்.
நேற்று குளித்துக்கொண்டே படித்துப் பார்த்தேன்.
நூற்று நாற்பதாம் பக்கம் நனைந்து
ஈரல் படத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.